வேப்பிலைக்கு இந்தப் பக்கம்

சுகந்தி தன் வீட்டு வாசலுக்கு வெளியே நின்றுகொண்டிருந்தாள். தோளில் துணிப்பை. கையில் ஒரு ஷாப்பிங் பேக், அதற்குள்ளிருந்து சின்னப் பிளாஸ்டிக் லொறி ஒன்றின் சக்கரம் எட்டிப் பார்த்தது. கட்டுநாயக்காவிலிருந்து பஸ் மாறி மாறி வந்த தூசு தலைமுடியில் அப்பியிருந்தது.

கதவு திறந்துதான் கிடந்தது. ஆனால் நிலையின் குறுக்கே வேப்பிலைக் கொத்து தொங்கியது. உள்ளே அவளுடைய பிள்ளை சிணுங்குவது கேட்டது. அவள் அசையவில்லை.

நானும் பக்கத்தில், லயத்து வரிசை வீடுகளின் இஸ்தோப்பில், அந்த முன் திண்ணையில், செருப்பைக் கழற்றிவிட்டு வெறுங்காலோடு நின்றேன். மிட்வைப் வேலையில் எத்தனையோ கதவுகளைத் தட்டியிருக்கிறேன். தட்டாமலே உள்ளே போய்ச் சட்டியைத் திறந்து பார்த்து, கர்ப்பிணிக்கு என்ன சமைத்திருக்கிறார்கள் என்று சத்தம் போட்டவள் நான். அப்படிப்பட்ட வாய்க்காரிக்கும் வேப்பிலை தொங்கும் வாசலில் குரல் தானாக இறங்கிவிடும்.

"பால நிறுத்துனேன், போனேன். அதான் மிஸ்ஸி," என்றாள் சுகந்தி, என்னைப் பார்க்காமலே.

அந்த "அதான்" என்ற ஒரு சொல்லை விளக்கத்தான் இந்த வாரப் பத்தி முழுவதும் வேண்டியிருக்கிறது.

அம்மா வந்த வீடு

ரத்தோட்டைப் பக்கமாக மேலே ஏறினால் வரும் தோட்டம் அது. தேயிலை பாதி, மிளகும் கறுவாவும் மீதி. நான் அலுவிகாரையிலிருந்து போவேன். பஸ் நிற்கும் இடத்திலிருந்து திரீவீல், திரீவீல் ஏற மறுக்கும் இடத்திலிருந்து கால்.

உடம்பில் முத்து முத்தாக எது போட்டாலும் அங்கே அதற்கு ஒரே பெயர்தான்: அம்மா வந்திருக்கிறாள். நாங்கள் கிளினிக்கில் தட்டம்மையைச் சின்னமுத்து என்றும், நீர்க்கொப்புளம் போடுவதைக் கொப்புளிப்பான் என்றும் பிரித்துச் சொல்வோம். லயத்தில் அந்தப் பிரிவினை கிடையாது. அம்மா வந்த வீட்டில் தாளிக்கக் கூடாது. மாமிசம் கூடாது. வெளியாள் வரக் கூடாது. ஆஸ்பத்திரி மருந்து கூடவே கூடாது. தூரத்திலிருந்து வருகிறவர், அவர் சொந்த வீட்டுக்காரரே ஆனாலும், வந்த சூட்டோடு உள்ளே நுழைந்து பிள்ளையைத் தூக்கக் கூடாது. தலைக்கு மூன்று தண்ணீர் ஊற்றி முடியும்வரை இதுதான் சட்டம்.

நான் முஸ்லிம் பெண். அம்மன் விஷயத்தில் எனக்கு வாய் கிடையாது, வைத்துக்கொள்ளவும் மாட்டேன். சில கட்டுப்பாடுகளில் நியாயமும் இருக்கிறது. வெளியாள் வராவிட்டால் நோய் பக்கத்து வீட்டுக்குப் போகாது. எனக்குச் சண்டை மருந்து விஷயத்தில் மட்டும்தான். காய்ச்சலில் கொதிக்கும் பிள்ளைக்குப் பக்கத்திலேயே மருந்துப் போத்தல் திறக்காமல் இருப்பதைப் பார்த்தால் பற்றிக்கொண்டு வரும்.

காது பிடிக்கிற பிள்ளை

சுகந்திக்கு அப்போது இருபத்திரண்டோ மூன்றோ. கெட்டிக்காரி, கேள்விக்காரி. சொன்னதற்குத் தலையாட்டுகிற பெண்களுக்கு நடுவில் "ஏன் மிஸ்ஸி?" என்று கேட்கிற ஒருத்தி இருந்தால் கிளினிக் அரைமணி நேரம் பிந்தும். எனக்கு அது பிடிக்கும், வெளியே காட்டிக்கொள்ள மாட்டேன்.

மகன் பெயர் கவின். அவனுக்கு ஒரு பழக்கம். பால் குடிக்கும்போதும் தூக்கம் வரும்போதும் அம்மாவின் இடது காது வேண்டும். தோட்டைக் கழற்றி வைத்துவிட்டு அந்தக் காதை அவனுக்கே எழுதிக் கொடுத்திருந்தாள் சுகந்தி. கிள்ளிக் கிள்ளிச் சிவந்துபோயிருக்கும்.

தோட்டத்தின் பிள்ளைக்காம்பராவில், அதாவது வேலைக்குப் போகும் பெண்கள் பிள்ளைகளை விட்டுப் போகும் இடத்தில்தான், எங்கள் கிளினிக் நடக்கும். அன்று தராசைத் தொங்கவிட்டு நிறை பார்த்துக்கொண்டிருந்தேன். கவினுக்கு எட்டு மாதம். நிறை பார்த்து முடிந்ததும் சுகந்தி எழும்பவில்லை. ஒன்பதாம் மாதம் போடுகிற சின்னமுத்து ஊசியை அன்றைக்கே போட்டுவிடச் சொன்னாள்.

கட்டுநாயக்காவில் கார்மெண்ட்ஸ் வேலை கிடைத்திருந்தது. அடுத்த கிழமை போக வேண்டும். புருஷன் ரவி தோட்டத்தில் தேயிலைச் செடிகளைக் கவ்வாத்து வெட்டுகிறவன். பிள்ளையை ரவியின் அக்கா பரமேஸ் பார்த்துக்கொள்வதாக ஏற்பாடு. கொழும்புப் பக்கம் மறுபடி சின்னமுத்து கிளம்பியிருக்கிறது என்று அந்த நாட்களில்தான் பேச்சு அடிபட்டது. தான் லீவில் வரும்போது தன்னோடு அதுவும் பஸ் ஏறி வந்துவிடுமோ என்று சுகந்திக்குப் பயம். ரவி மறதிக்காரன், அண்ணிக்கு ஊசியென்றால் ஆகாது, தான் இருக்கும்போதே முடித்துவிட்டால் நிம்மதி என்றாள்.

முடியாது என்றேன். ஏன் என்றாள். வரிசையில் பத்துப் பேர் காத்திருந்தார்கள். ஆனாலும் அவளுக்குப் பதில் சொல்லாமல் எனக்கு நகர முடியாது.

கடன் வாங்கின வாச்சர்

மிளகு பழுக்கிற காலத்தில் தோட்டத்தில் காவலுக்கு ஆள் போடுவார்கள். வாச்சர் என்பார்கள். அதை வைத்துத்தான் சொன்னேன்.

பிள்ளை வயிற்றில் இருக்கும்போதே, கடைசி மாதங்களில், தாய் தன் இரத்தத்தில் இருக்கும் காவலைத் தொப்புள்கொடி வழியாகக் கொஞ்சம் கொடுத்து அனுப்புகிறாள். சுகந்திக்குச் சின்ன வயதில் ஊசி போட்டிருக்கிறது, ஆகவே அவளிடம் சின்னமுத்துக்குக் காவல் உண்டு. அது அம்மா வீட்டிலிருந்து கடன் வாங்கின வாச்சர். வந்த நாளிலிருந்து கொஞ்சம் கொஞ்சமாகக் குறைந்துகொண்டே போகும்.

ஊசி என்பது வேறொன்றுமில்லை, கை கால் பலம் எடுக்கப்பட்ட கள்ளன் ஒருவனை நாமே தோட்டத்துக்குள் விடுவது. அவனால் பெரிதாகத் திருட முடியாது. ஆனால் பிள்ளையின் சொந்த வாச்சர் அவனைத் துரத்திப் பிடித்து முகத்தை மனதில் பதித்துக்கொள்வான். பிறகு நிஜக் கள்ளன் வரும்போது தூரத்திலேயே அடையாளம் தெரியும்.

நேரத்துக்கு முன்னாலேயே ஊசி போட்டால் என்ன ஆகும்? அம்மாவின் வாச்சர் இன்னும் அங்கே இருக்கிறான். அந்த நோஞ்சான் கள்ளனை அவனே வாசலில் பிடித்து முடித்துவிடுவான். பிள்ளையின் ஆளுக்கு எதையும் பார்க்கக் கிடைக்காது. ஊசி போட்டதுபோல இருக்கும், பலன் சரியாக இருக்காது. பின்னாளில் நோய் பரவின சில இடங்களில் முன்கூட்டியே போட்டார்கள்தான். அப்படிப் போட்டாலும் ஒன்பதாம் மாத ஊசியைத் திரும்பப் போட வேண்டும் என்று வைத்தது இந்தக் காரணத்தால்தான்.

சுகந்தி எல்லாவற்றையும் கேட்டாள். கவின் அவளுடைய காதைத் திருகிக்கொண்டிருந்தான்.

"அப்ப நான்தான் குறுக்க நிக்கிறேனா மிஸ்ஸி?"

வரிசையில் இருந்த பெண்கள் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். சுகந்தி சிரிக்கவில்லை. அடுத்த கிழமை அவள் போய்விட்டாள் என்று பரமேஸ் சொன்னாள். பாலை நிறுத்துவதற்கு அவள் பட்ட பாட்டையும் சொன்னாள். பிள்ளை இரண்டு நாள் தொண்டை கட்டும்வரை அழுததாம்.

ரவி கேட்டதும் கேட்காததும்

ஒன்பது மாதம் முடிந்ததும் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வந்தது ரவிதான். மறதிக்காரன் என்றாளே, இல்லை, சொன்ன நாளில் சட்டை மாற்றி, தலை சீவி, பெண்களுக்கு நடுவில் கூச்சத்தோடு உட்கார்ந்திருந்தான். சுகந்தி முதல் நாள் இரண்டு முறையும் காலையில் ஒரு முறையும் போன் எடுத்திருந்தாள் என்பது பிறகு தெரிந்தது.

ஊசி போட்டு முடித்து, எல்லாத் தாய்மாருக்கும் சொல்வதை அவனுக்கும் சொன்னேன். இன்றைக்கு ஒன்றும் தெரியாது. ஒரு கிழமை, பத்து நாள் கழித்துக் காய்ச்சல் வரலாம். சில பிள்ளைகளுக்கு உடம்பில் மெல்லிசாகச் சிவப்பும் போடும். இந்தக் காய்ச்சல் மருந்தைக் கொடு, தண்ணீர் கொடு, பயப்பட வேண்டாம். கண் சிவந்து, இருமலும் மூச்சுக் கஷ்டமும் வந்தால் உடனே சொல்லு.

ஒவ்வொன்றுக்கும் "சரி மிஸ்ஸி" என்றான். வீட்டுக்குப் போய் அக்காவிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை. ஊசி போட்ட அன்று பிள்ளை சிரித்து விளையாடியதைப் பார்த்து, எல்லாம் முடிந்தது என்று நினைத்துவிட்டான். ஆண்கள் கேட்டதற்கு அடையாளம் "சரி" என்று நம்பினால் நாம்தான் முட்டாள்.

ஒரு கிழமைக்கு மேல் போனது. பிள்ளைக்கு உடம்பு சுட்டது. மறுநாள் காதுக்குப் பின்னாலும் நெஞ்சிலும் சிவப்புப் புள்ளிகள். பரமேஸ் கொழுந்து பறிக்கப் போவதை நிறுத்தினாள், வேப்பிலையைக் கட்டினாள், அடுப்பில் தாளிப்பதை நிறுத்தினாள். ரவி பயத்தில் சுகந்திக்குப் போன் எடுத்தான். அவள் வேலையைப் போட்டபடி போட்டுவிட்டு பஸ் ஏறினாள், பஸ்ஸிலிருந்து எனக்குப் போன் எடுத்தாள். பிள்ளைக்கு அம்மா போட்டிருக்கிறதாம் என்பதற்கு மேல் அவளால் பேச முடியவில்லை.

நளீமின் வலது பக்கம்

இந்த இடத்தில் என் தம்பியைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். எல்லாரையும் எழுதுகிறாய், என்னை மட்டும் விட்டுவிட்டாய் என்று போன வாரம் அவனும் குறைப்பட்டான்.

நாங்கள் சின்னப் பிள்ளைகளாக இருந்தபோது எங்கள் வீட்டுக்கும் சின்னமுத்து வந்தது. அவனுக்கு மூத்தவளான எனக்கு வரவில்லை, அவனுக்கு வந்தது. உம்மா அறையை இருட்டாக்கி, ஜன்னலில் கம்பளம் தொங்கவிட்டார். ஓதின தண்ணீரை உதட்டில் தடவினார். அவன் கண்கள் மிளகாய் பட்டதுபோல இருந்தன. வெளிச்சம் பட்டால் முனகுவான். நாய் குரைப்பதுபோல ஒரு இருமல். சிரிப்பு, விளையாட்டு, அடம் எதுவும் இல்லை. அதுதான் எனக்குப் பெரிய பயமாக இருந்தது. அடம்பிடிக்காத நளீமை நான் அதற்கு முன் பார்த்ததில்லை.

காய்ச்சல் இறங்கியது. இடது காதில் சீழ் வைத்து, அந்தக் காது போனது. இன்று மாத்தளை டவுனில் துணிக்கடை வைத்திருக்கிறான். வருகிறவர்களை வலது பக்கமாகவே உட்கார வைப்பான். விலையைக் குறைக்கச் சொன்னால் மட்டும் இடது காதைத் திருப்புவான்.

சிரிக்கத்தான் எழுதினேன். ஆனால் நான் இந்த வேலைக்கு வந்ததற்கு வேறு காரணம் இல்லை. ஒரு பிள்ளை வெளிச்சத்துக்குப் பயந்து சுவர்ப் பக்கம் திரும்பிக் கிடப்பதை இன்னொரு முறை பார்க்க எனக்கு மனம் இல்லை. அன்று திரீவீலில் மேலே ஏறும்போது அந்த இருமல்தான் காதில் ஒலித்துக்கொண்டே வந்தது.

வாசல் வரைக்கும்

சுகந்தியும் நானும் கிட்டத்தட்ட ஒரே நேரத்தில் லயத்துக்கு வந்து சேர்ந்தோம். பரமேஸ் உள்ளேயிருந்து, வேப்பிலைக்கு அந்தப் பக்கமாக நின்று, இருவரையும் பார்த்தாள். நாற்பது வயதுக்காரி, பிள்ளை இல்லாதவள். மூன்று நாள் தலை சீவாமல், தூங்காமல், முகம் கறுத்துப்போயிருந்தது.

நான் உள்ளே வரவில்லை என்றேன். பிள்ளையை வாசல் வெளிச்சத்துக்கு மட்டும் கொண்டு வரச் சொன்னேன். அவள் தயங்கினாள். எனக்குக் கோபம் வந்தது, கொஞ்சம் கடுமையாகவே பேசினேன். அவள் பதிலுக்குக் கத்தவில்லை.

"புள்ளய என் கையில குடுத்துட்டுப் போனா மிஸ்ஸி. பெத்தவ இல்லாத நேரத்துல நான் ஏதோ தப்பு செஞ்சுட்டேன்னு ஆகிரக் கூடாது. அதுக்குத்தான் எல்லாத்தையும் முறையா செய்றேன்."

என் கோபம் அந்த இடத்திலேயே அடங்கிவிட்டது. அவளை நான் வேறு மாதிரி நினைத்திருந்தேன்.

பிள்ளையைக் கொண்டு வந்தாள். சுகந்தி ஒரு அடி முன்னால் வந்து, நினைவு வந்து நின்றாள்.

கவின் நேராக வெளிச்சத்தைப் பார்த்தான். கண் சிவக்கவில்லை. மூக்கு ஒழுகவில்லை. நான் நின்ற நேரம் முழுவதும் ஒரு இருமலும் இல்லை. உடம்பு சுட்டது, சிணுங்கினான், ஆனால் கண் தொங்கும் கொத்தின் மேலேயே இருந்தது. எட்டி ஒரு வேப்பிலையைப் பறித்து வாயில் வைத்து, கசப்பில் முகத்தைக் கோணி, எங்களையெல்லாம் குற்றவாளிகள்போலப் பார்த்தான். வாயைத் திறந்தபோது உள்ளேயும் பார்த்துக்கொண்டேன். சின்னமுத்தில் கன்னத்தின் உள்பக்கம் போடும் வெள்ளைப் புள்ளி எதுவும் இல்லை, சுத்தமாக இருந்தது.

டாக்டருக்குப் போன் எடுத்தேன். சிங்களத்தில் ஒவ்வொன்றாகக் கேட்டார். ஊசி போட்ட நாள், கண், இருமல், வாய், மூச்சு. ஊசியின் காய்ச்சலாகத்தான் தெரிகிறது, ஆனாலும் நாளைக்குத் தானே வந்து பார்ப்பதாகச் சொன்னார். வந்தார், பார்த்தார், அதையே சொன்னார். அதற்குள் சிவப்பும் மங்கியிருந்தது.

"இது சின்னமுத்து இல்ல பரமேஸ்," என்றேன். "ஊசியோட காய்ச்சல். ரெண்டு மூணு நாள்ல போயிரும். யாருக்கும் தொத்தாது."

"அப்ப அம்மா வரலயா மிஸ்ஸி?"

அது எனக்குச் சொல்லத் தெரியாது, சின்னமுத்து வரவில்லை என்பது மட்டும்தான் தெரியும் என்றேன். பரமேஸ் பிள்ளையின் நெஞ்சைப் பார்த்தாள், வேப்பிலையைப் பார்த்தாள்.

"தூரத்துல நின்னு பாத்துட்டுப் போறாங்கபோல," என்றாள்.

நான் வாச்சரையும் கள்ளனையும் வைத்து அரைமணி நேரம் விளக்கியதை இவள் ஒரு வரியில் முடித்துவிட்டாள். எனக்கு அதில் மறுப்பு இல்லை.

குறுக்கே நின்றவள்

மறுப்பு சுகந்தியிடம் இருந்தது. சின்னமுத்து இல்லை என்றதும் அவள் முகம் தெளியும் என்று எதிர்பார்த்தேன். தெளியவில்லை. பஸ்ஸில் வரும் வழியெல்லாம் அவள் கோத்துக்கொண்டு வந்த கணக்கு வேறு.

"ஒங்க வாயாலதான் சொன்னீங்க மிஸ்ஸி, என் காவல் அவன்கிட்ட இருக்குன்னு. நான் போனேன், அதுவும் போயிருச்சு. நான் இங்கயே இருந்து பால் குடுத்திருந்தா இது வந்திருக்காதுல்ல?"

வாயைக் கொடுத்து நன்றாக மாட்டிக்கொண்டேன். நான் சொன்னதை ஒரு சொல் விடாமல் ஞாபகம் வைத்திருக்கிறாள், ஆனால் எல்லாவற்றையும் தன் கழுத்தில் மாட்டி வைத்திருக்கிறாள்.

இஸ்தோப்பின் விளிம்பில் அவளை உட்கார வைத்தேன். பாலை நிறுத்தியதற்காக ஏச வேண்டியதை இன்னொரு நாளைக்கு வைத்துக்கொண்டேன். பால் நல்லதுதான், எத்தனையோ வியாதிக்கு நல்லது. ஆனால் இந்தக் காவல் பாலில் வந்ததில்லை, அவன் பிறப்பதற்கு முன்பே கொடுத்து முடித்தது.

"நீ இருந்திருந்தாலும் அது போயிருக்கும் சுகந்தி. எந்தத் தாய் கொடுத்ததும் போகும். அது போனாத்தான் அவனோட ஆள் வேலைக்கு வருவான். இப்ப காயுது பாரு ஒடம்பு, அது அவன் ஆளு விசில் அடிக்கிற சத்தம். அவன் சொந்த ஆளு."

அவள் கையிலிருந்த ஷாப்பிங் பேக்கைக் கீழே வைத்தாள். பிறகு அழுதாள். பயத்தில் அழுதது அல்ல, அது எனக்குத் தெரியும். பயம் போனபிறகு வருகிற அழுகை சத்தமில்லாமல் நிறைய வரும். எனக்கும் கண் கரித்தது. என் சின்னவளை விட்டுவிட்டுப் பயிற்சிக்குப் போன நாட்கள் ஞாபகத்துக்கு வந்தன.

பரமேஸ் வெளியே வந்தாள். கையில் செம்பு. மஞ்சள் கரைத்த தண்ணீரில் வேப்பிலை மிதந்தது. குனிந்து, தம்பி பொண்டாட்டியின் கால்களில் தானே ஊற்றினாள். கேட்காமலே என் காலிலும் ஊற்றினாள். பிறகு கொத்தை ஒரு பக்கமாக விலக்கிப் பிடித்தாள்.

உள்ளே ரவி பிள்ளையை வைத்திருந்தான். அழுத பிள்ளையைப் பரமேஸ் வாங்கிக்கொண்டாள். சுகந்தி பிளாஸ்டிக் லொறியை எடுத்துக் காட்டினாள், இரண்டு கைகளையும் நீட்டினாள். கவின் லொறியைப் பார்த்தான். அம்மாவைப் பார்த்தான். வெகுநேரம் பார்த்தான். பிறகு முகத்தைத் திருப்பி அத்தையின் தோளில் வைத்துக்கொண்டான். கை மெதுவாக மேலே போனது, அத்தையின் இடது காதைத் தேடிப் பிடித்தது.

அந்தக் காதில் தோடு இல்லை. மடல் சிவந்துபோயிருந்தது.

பரமேஸ் கூனிக் குறுகிப்போனாள். அவசரமாக அந்தச் சின்ன விரல்களைப் பிரித்தெடுக்கப் பார்த்தாள்.

"எடுக்காதீங்க அண்ணி," என்றாள் சுகந்தி. "புடிச்சுக்க அவனுக்கு ஒரு காது இருக்கே."

அவள் நீட்டின கைகளை மடக்கிக்கொண்டாள். மூலையில் இருந்த பலகையில், கிளினிக்கில் நான் கொடுத்தனுப்பிய காய்ச்சல் மருந்து திறக்காமல் இருந்தது. அதை எடுத்து மூடியைத் திருகித் திறந்தாள். எவ்வளவு கொடுக்க வேண்டும் என்று என்னிடம் கேட்டாள். நான் சொன்னதை ஒருமுறை திருப்பிச் சொன்னாள்.

பிறகு போத்தலை அண்ணியின் கையில் கொடுத்தாள்.